‘ஓடிபி நீங்கதானே சொன்னீங்க?’: அப்பாவின் கணக்கில் போன பணம் திரும்பி வந்த கதை

2023 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் என் வீட்டில், காலை ஆறு மணிக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அப்பாவின் வங்கியிலிருந்து மூன்று மின்னஞ்சல்கள். முந்தைய இரவு 9.52-க்கு 49,500 ரூபாய் போயிருந்தது. 9.58-க்கு இன்னொரு 49,500. 10.07-க்கு 45,000. மொத்தம் 1,44,000 ரூபாய்.

அப்பா கும்பகோணத்தில் இருக்கிறார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. நெட் பேங்கிங் வாங்கியபோது என் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தோம். கொடுக்காமல் விட்டிருந்தால், அடுத்த முறை பாஸ்புக் பதியப் போகும்போதுதான் பணம் போனதே தெரிந்திருக்கும்.

அப்பாவின் போனுக்கு அடித்தேன். போகவில்லை. அம்மாவின் போனில் அவரைப் பிடித்தேன். “வெள்ளிக்கிழமை சாயந்திரத்துலேருந்து டவரே இல்லம்மா. மழை பேஞ்சுதே, அதனாலன்னு இருந்துட்டேன்” என்றார்.

அடுத்து நான் கேட்ட கேள்வியை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. “ஓடிபி ஏதாவது யார்கிட்டயாவது சொன்னீங்களாப்பா?” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “போனே வேலை செய்யலியேம்மா, எங்கேருந்து ஓடிபி வரும்?” என்றார். உண்மையில் முழு வழக்கும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அதை வங்கியை ஒத்துக்கொள்ள வைக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

நடந்தது இதுதான். யாரோ அப்பாவின் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கிறார்கள். புது சிம் ஓட ஆரம்பித்ததும் அப்பாவிடம் இருந்த சிம் செத்துவிட்டது. புது சிம் போட்டால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் தடுத்து வைப்பார்கள். இப்படிப்பட்ட மோசடிக்காகவே வந்த ஏற்பாடு அது. அந்த ஒரு நாள் முடியும்வரை காத்திருந்து, சனிக்கிழமை இரவு நெட் பேங்கிங் கடவுச்சொல்லை மாற்றி எடுத்திருக்கிறார்கள். வெள்ளி இரவே ‘ஏன் சிக்னல் இல்லை’ என்று யாராவது கேட்டிருந்தால் பணம் போயிருக்காது. போனில் சிக்னல் சில மணி நேரத்துக்கு மேல் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் போனில் அதே கம்பெனி சிக்னல் இருக்கிறது என்றால், உடனே வேறொரு போனிலிருந்து சிம் கம்பெனியையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

டூப்ளிகேட் சிம் வாங்கவும் கடவுச்சொல்லை மாற்றவும் வெறும் போன் நம்பர் போதாது. பெயர், பிறந்த தேதி, முகவரி, கணக்கு எண் எல்லாம் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து போனது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அன்று காலை நான் முதலில் செய்தது 1930-க்கு அடித்தது. சைபர் மோசடிக்கான இந்த எண் நாடு முழுவதற்கும் ஒன்றே. பணம் போன கணக்கு எண், நேரம், தொகை, மின்னஞ்சலில் இருந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டார்கள். பேச்சு முடிவதற்குள் ஒரு புகார் எண் வந்தது. அந்த எண்ணை வைத்துத் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் அன்றே முழுப் புகாரையும் பதிந்தேன். இந்தப் புகார் போனதும், பணம் எந்தெந்தக் கணக்குக்கு மாறியதோ அந்த வங்கிகளுக்கெல்லாம் தகவல் போகும். எடுக்கப்படாமல் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். எங்களுக்கு 38,000 ரூபாய் அப்படி நின்றது. மீதி அதற்குள் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது. ராத்திரியே மின்னஞ்சலைப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கும்.

அடுத்து வங்கியின் 24 மணி நேர எண். கணக்கை முடக்கச் சொன்னேன், புகார் எண் கேட்டு வாங்கினேன். பேசி முடித்த கையோடு, பேசியதையெல்லாம் நேரத்துடன் எழுதி வங்கிக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் வந்த பழக்கம்; வாயால் சொன்னது எதையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

திங்கள்கிழமை கும்பகோணம் போய் அப்பாவும் நானும் கிளைக்குப் போனோம். மேலாளர் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “ஓடிபி சரியா விழுந்திருக்கு சார். நீங்கதானே சொன்னீங்க? வயசானவங்க, யாராச்சும் கேட்டா சொல்லிடறீங்க.” அப்பா எதுவும் பேசவில்லை. கடிதத்தை நீட்டினார். “மெயில்ல அனுப்பிடுங்க, இது எதுக்கு” என்றார் மேலாளர். “முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவன் சார் நான். ரசீது இல்லாம எதையும் குடுக்கமாட்டேன். நகல்ல சீல் போட்டுக் குடுங்க” என்றார் அப்பா. முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். பின்னால் ஒவ்வொரு படியிலும் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

அன்றே சிம் கம்பெனியின் கடைக்கும் போனோம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்று சிம் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டோம். எந்த ஆவணத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதைக் காவல்துறை கேட்டால்தான் சொல்வோம் என்றார்கள். ஆனால் தேதியும் நேரமும் கிடைத்தன: வெள்ளி மாலை 5.40. சனிக்கிழமை இரவு 9.52-க்குப் போன ஓடிபி அப்பாவின் கையில் இருந்த போனுக்கு வரவே முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சிம் மோசடியில் சிக்கியவர்கள் வங்கியோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டு இந்தத் தாளை வாங்க மறந்துவிடுகிறார்கள்.

தஞ்சாவூரில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது முதலில், புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். பத்து நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். பதிந்தார்கள். அங்கே இருந்த உதவி ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இருபத்தி இரண்டாம் நாள் வங்கியின் பதில் வந்தது. ‘பரிவர்த்தனைகள் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்குப் பிறகே நடந்துள்ளன. எனவே வங்கி பொறுப்பேற்க இயலாது’ என்று நான்கே வரி. அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம், “விடும்மா, போனது போகட்டும்” என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை விடாமல் வைத்தது. அவர் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டி மூடப் பார்க்கிறார்கள். அவரும் அதை ஒத்துக்கொள்வதுபோல் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று இரவு, அந்த வங்கியிலிருந்து வந்த எல்லா மின்னஞ்சல்களையும் தேடி எடுத்தேன். பணம் போவதற்குப் பதினெட்டு நாள் முன்பு ஒன்று வந்திருந்தது. ‘எங்களுக்குச் சேவை வழங்கும் வெளி நிறுவனம் ஒன்றின் கணினி அமைப்பில் அனுமதியற்ற அணுகல் கண்டறியப்பட்டுள்ளது. சில வாடிக்கையாளர்களின் தகவல்கள் வெளிப்பட்டிருக்கக்கூடும். உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது. கடவுச்சொல்லை யாருடனும் பகிர வேண்டாம்’ என்ற பாணியில் ஒரு அறிவிப்பு. வந்த அன்றே அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். விளம்பரம்போல நினைத்து அப்படியே விட்டிருக்கிறேன்.

மறுநாள் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். கும்பகோணத்தில் எங்கள் தெருக்காரர். அப்பாவை ‘மாமா’ என்று கூப்பிடுகிறவர். அவர் கையில் கொடுத்தது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று எல்லா வணிக வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையை. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று சொல்லும் சுற்றறிக்கை அது. அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

வங்கியின் பக்கம் குறையோ அலட்சியமோ இருந்தால் வாடிக்கையாளரின் பொறுப்பு பூஜ்யம். அவர் புகார் கொடுத்தாரா இல்லையா என்பதுகூட அங்கே கேள்வி இல்லை. குறை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் பூஜ்யம். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்புவரை நம் தலையில் விழும்: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளரே ஓடிபியையோ கடவுச்சொல்லையோ கொடுத்திருந்தால் மட்டும், அவர் வங்கிக்குச் சொல்லும்வரை போனது அவருடைய நஷ்டம். சொன்னதற்குப் பிறகு போவது வங்கியுடையது.

வழக்கறிஞர் விரல் வைத்துக் காட்டிய இடம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. ‘நான் சொல்லவில்லை’ என்று அப்பா நிரூபிக்க வேண்டியதில்லை. ‘நீ சொன்னாய்’ என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். இன்னும் இரண்டு விஷயமும் அதில் உண்டு. புகார் கொடுத்து பத்து வேலை நாளுக்குள், விசாரணை முடியாவிட்டாலும், அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். எங்களுக்கு பத்தாம் நாளும் எதுவும் வரவில்லை.

“அந்த மெயில் இருக்கே, அதை வெச்சுத் தகவல் இங்கேருந்துதான் கசிஞ்சுதுன்னு நாம நிரூபிக்க முடியாதா?” என்று கேட்டேன். “முடியாதும்மா, தேவையும் இல்லை” என்றார். கசிவு வங்கி சார்பாக வேலை செய்த நிறுவனத்தில் என்றால், அது வங்கியின் குறை, பொறுப்பு பூஜ்யம். இல்லை, வெளியாள் குறை என்று வங்கி சொன்னால், ஞாயிறு காலையிலேயே சொல்லிவிட்டோம், அப்போதும் பூஜ்யம். மிச்சம் இருப்பது அப்பாவின் அலட்சியம் என்ற வாதம் மட்டும். அதற்கு சிம் கம்பெனியின் தாள் பதில் சொல்கிறது. மூன்று கதவையும் அடைத்துவிட்டுப் புகாரை எழுதச் சொன்னார்.

அந்தப் புகார் போனது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்புட்ஸ்மேனுக்கு. 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்படி வங்கி, நிதி நிறுவனம், வாலட் எல்லாவற்றுக்கும் ஒரே இடம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் உண்டு. கட்டணம் இல்லை. வக்கீல் நமக்காகப் பதிய முடியாது. நாமே எழுத வேண்டும், அல்லது வக்கீல் அல்லாத ஒருவரை நம் சார்பில் நியமிக்கலாம். அப்பா என்னை நியமித்தார்.

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். வங்கி மறுத்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோதான் இங்கே வர முடியும். மறுப்பு வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் வந்துவிட வேண்டும். சீல் போட்ட நகல் இங்கேதான் முதலில் வேலை செய்தது. “போலீசுக்குப் போயிட்டீங்க, இனிமே ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டாங்க” என்று கிளையில் ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அது தவறு. காவல் விசாரணையோ குற்ற வழக்கோ நடப்பது இந்தப் புகாருக்குத் தடையில்லை என்று திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதே விஷயத்துக்காக நுகர்வோர் ஆணையத்திலோ சிவில் நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். எனவே வரிசை முக்கியம்: முதலில் வங்கி, அடுத்து குறைதீர்ப்பாளர், அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ஆணையம். ஆத்திரத்தில் முதல் வாரமே ஆணையத்துக்குப் போனால் இலவசமான ஒரு வாசலை நாமே மூடிக்கொள்கிறோம்.

புகாரை இரண்டு பக்கத்தில் முடித்தேன். தேதி, நேரம், நடந்தது, இணைப்பு எண் என்று ஒரு அட்டவணை. வெள்ளி 5.40, சனி 9.52, ஞாயிறு 6.20 ஆகிய மூன்று நேரங்களை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன். அழுது புலம்பும் வரி ஒன்றுகூட வைக்கவில்லை. ஆனால் கடைசியில், அப்பாவைப் பொய்யர்போல நடத்தியதற்கும் இழப்பீடு கேட்டேன். நேரடி நஷ்டத்தைத் தவிர அதன் விளைவாக வந்த நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சல், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் வரையும் கொடுக்கச் சொல்ல அந்தத் திட்டத்தில் அதிகாரம் இருந்தது.

மூன்று மாதம் ஓடியது. நடுவில் இரண்டு முறை கூடுதல் ஆவணம் கேட்டார்கள். பிறகு சமரசத்துக்கு அழைத்தார்கள். வங்கித் தரப்பில், ஓடிபி எந்த சிம்முக்குப் போனது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 2024 ஜனவரியில் 1,06,000 ரூபாயை அப்பாவின் கணக்கில் போட்டார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட 38,000-ஐ நீதிமன்றம் வழியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மன உளைச்சலுக்கு 5,000 சேர்த்துக் கொடுத்தார்கள். தொகை சிறிதுதான். ஆனால் அப்பாவுக்கு அந்த 5,000 மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

அந்த 38,000-க்கு நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457-ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் புதிய சட்டத்தில் அது 503-ஆவது பிரிவு. விசாரணை அதிகாரியின் அறிக்கை வந்ததும் நடுவர் உத்தரவிட்டார். இரண்டு மாதம் ஆனது. நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்பி வரும் என்று நம்பிக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். எங்கள் அனுபவத்தில் நாம் போய்க் கேட்டால்தான் வந்தது.

குறைதீர்ப்பாளர் கைவிரித்திருந்தால் என்ன செய்திருப்போம்? விரிவாகச் சாட்சி விசாரிக்க வேண்டிய விஷயம் என்று அவர்கள் கருதினால் புகாரை முடித்துவிடலாம். அப்படி நடப்பதும் உண்டு. அப்போது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதில் வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கான சேவை என்று வங்கி ஆட்சேபிக்க இடம் உண்டு. ஒரே கசிவில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பிலும் சிலர் சேர்ந்து ஒரே புகாராகப் போடலாம் என்று 35-ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஊரில் இதை யாரும் பயன்படுத்துவதாகவே தெரியவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொரு வழி தகவல் தொழில்நுட்பச் சட்டம். ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் அந்தச் சட்டத்தின் தீர்ப்பு அலுவலர். 5 கோடி வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். 43ஏ பிரிவு நேரடியாகவே சொல்கிறது: வங்கிக் கணக்கு விவரம் மாதிரி முக்கியமான தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பாதுகாப்பதில் அலட்சியமாக இருந்து யாருக்காவது நஷ்டம் வந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும். இந்த வழியில் பேர் வாங்கிய ஒரு வழக்கு நம் மாநிலத்தில்தான் நடந்தது. அபுதாபியில் வேலை பார்த்த, தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒருவர் போலி மின்னஞ்சல் மோசடியில் 6.46 லட்சத்தை இழந்தார். 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டுத் தீர்ப்பு அலுவலர் 12.85 லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். அவர் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பியிருந்தார் என்பது வங்கியின் வாதம். அப்படியும் வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்று முடிவானது. சிம் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க இது நல்ல இடம். ஆனால் சென்னைக்கு அலைய வேண்டும், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் உண்டு, வக்கீல் இல்லாமல் சிரமம். பெரிய தொகைக்குத்தான் சரிப்படும் என்று எங்கள் தெருக்காரர் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அவர் எனக்குக் காட்டிய இன்னொரு தீர்ப்பு கேரள உயர் நீதிமன்றத்தின் 2019-ஆம் வருடத் தீர்ப்பு. எஸ்எம்எஸ் அனுப்பினோம், வாடிக்கையாளர் உடனே பதில் சொல்லவில்லை என்று காரணம் காட்டி வங்கி தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது அது. எங்கள் விவகாரம் முடிந்து ஒரு வருடம் கழித்து, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அசாமைச் சேர்ந்த ஒருவர் ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப முயன்றிருக்கிறார். கடையின் இணையதளத்திலிருந்து அவருடைய விவரம் கசிந்து, வாடிக்கையாளர் சேவை என்ற பேரில் ஒருவன் பேசி, 94,204 ரூபாயை ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டான். அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன குவாஹாத்தி உயர் நீதிமன்றத்தின் உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்கும் அடித்தளம் இதே 2017 சுற்றறிக்கைதான். அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “நம்ம மாதிரியேதாம்மா” என்று மறுபடி படிக்கச் சொன்னார்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போனவர்களுக்கு. தகவல் மட்டும் கசிந்தது, பணம் போகவில்லை என்றால்?

அப்பாவுக்கு வந்த அதே அறிவிப்பு எதிர்வீட்டு டீச்சருக்கும் வந்திருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி: “என் பிறந்த தேதி, பான் நம்பர் எல்லாம் யார்கிட்டயோ போயிருக்கு. பான் நம்பரை மாத்திக்க முடியுமா நான்? இதுக்கு என்ன நஷ்ட ஈடு?” நேர்மையான பதில், இப்போதைய சட்டத்தில் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 43ஏ-க்கு நஷ்டம் நடந்திருக்க வேண்டும். 2016-இல் ஏடிஎம் சேவை நிறுவனம் ஒன்றின் கணினியில் புகுந்த வைரஸால் நாடு முழுவதும் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளானபோதும், வங்கிகள் செய்தது கார்டை முடக்கிப் புதுக் கார்டு கொடுத்ததும், பின் நம்பரை மாற்றச் சொன்னதும்தான். பணம் போனதாகப் புகார் செய்தவர்கள் 641 பேர். மற்றவர்களுக்குப் புதுக் கார்டோடு சரி.

2023 ஆகஸ்ட்டில், எங்கள் பணம் போன அதே மாதத்தில்தான், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும் என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி வரை, சொல்லத் தவறினால் 200 கோடி வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் முழுவதும் அரசின் கஜானாவுக்குப் போகும். தகவல் பறிபோனவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. போதாக்குறைக்கு, இழப்பீட்டுக்கு வழி வைத்திருந்த 43ஏ பிரிவை இந்தச் சட்டம் நீக்குகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். பாதிக்கப்பட்டவனுக்கு இருந்த ஒரு கதவை எடுத்துவிட்டு அரசுக்கு ஒரு பெரிய கதவு வைத்திருக்கிறார்கள். இது தப்பு என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் டீச்சரிடம் சும்மா இருக்கச் சொல்லவில்லை. அவருக்காக நான் எழுதிக் கொடுத்த கடிதம் வங்கியின் குறைதீர் அலுவலருக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளின்படி அப்படி ஒருவரை நிறுவனம் வைத்திருக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். அதில் கேட்டது நான்கு கேள்விகள்: என்னுடைய எந்தெந்தத் தகவல் வெளியே போனது, எந்தத் தேதியில், எந்த நிறுவனத்திலிருந்து, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும், நாளைக்குப் பணம் போனால் ‘கசிவு பற்றி நான் முன்பே கேட்டேன்’ என்பதற்கு ஒரு தேதியிட்ட சாட்சி இருக்கும். கசிவு அறிவிப்பை அச்செடுத்து பாஸ்புக்கோடு வைக்கச் சொன்னேன். போனில் இருந்தால் போன் மாறும்போது போய்விடும்.

அப்புறம் கடன் அறிக்கை. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாங்கினால் வருடம் முழுவதும் கண் வைத்திருக்கலாம். நம் பான் எண்ணில் நாம் வாங்காத கடன் இருந்தால் புகார் கொடுக்கலாம்; 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கவும் சொன்னேன். அதை அவரே தன் போனில் செய்துகொண்டார்.

விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. நான் சொன்ன தொகையும் நாளும் எங்கள் விவகாரம் நடந்தபோது இருந்தவை. நீங்கள் புகார் எழுதும் நாளில் ரிசர்வ் வங்கியின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது நெட் பேங்கிங்கை நிறுத்திவிட்டார். காரணம் பயம் இல்லை, தேவை இல்லை என்கிறார். ராத்திரி படுக்கும் முன் போனில் சிக்னல் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவின் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்கிறார். போன மாதம் டீச்சரின் கடிதத்தைக் கிளையில் கொடுக்கத் துணைக்குப் போனார். மேலாளர் மாறிவிட்டார், புதியவர் ஒரு பெண். “மெயில்ல அனுப்பிடலாமே ஐயா” என்றாராம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் சீல் போட்ட நகல் கைக்கு வந்துவிட்டது.